மைக்கில் ஏழுமலை மாஸ்டர் பெயர் வராத நாள்

ஜாத்திரைக் கமிட்டியில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் திருச்சானூருக்கே வந்துவிட்டார்கள். மகள் வீட்டு மாடியில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பேண்டு கச்சேரிக்கு இந்த வருஷம் மலர் போடறோம் சார். அந்தக் காலத்துல எந்தெந்த செட்டு வருது, யாரு எப்படி வாசிப்பாங்கன்னு நீங்கதான் ஊர் ஊரா போய் சொல்வீங்களாமே. அத எழுதிக் குடுங்க" என்றார்கள். 'அந்தக் காலம்' என்றதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். நான் மைக்கைக் கீழே வைத்து நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. ஆனால் சார் என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஆயுசு முழுக்க என்னை 'ஏய் மைக்கு' என்று கூப்பிட்டுத்தான் எல்லாருக்கும் பழக்கம். அந்த ஒரு சாருக்காக ஒப்புக்கொண்டேன்.

இப்போது செட்டுக்காரர்களே தங்கள் வாசிப்பைப் போனில் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கமிட்டிப் பிள்ளைகள் அதை வரிசையாகக் கோத்து ஊருக்கே அனுப்புகிறார்கள். எனக்கும் போட்டுக் காட்டினார்கள். என் குரலைவிடச் சுத்தமாக இருக்கிறது. இருமல் இல்லை, நடுவில் ஆட்டோ பள்ளத்தில் விழுகிற சத்தம் இல்லை. அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் எப்படிச் செய்தேன் என்று கேட்டதால் சொல்கிறேன்.

என் பெயர் தசரதன். ஆந்திராவில் கார்வேட்டிநகரம் போகிற வழியில் எங்கள் ஊர், தமிழும் தெலுங்கும் கலந்த இடம். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பத்தாவது பெயிலான கையோடு நகரியில் ஒரு மைக் செட் கடையில் வயர் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஹார்ன் கட்ட மரம் ஏறினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வழக்கமாகப் பேசுகிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. மொதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் மைக்கை என் பக்கம் நீட்டினார். என் படிப்பு, டிரெயினிங் எல்லாம் அவ்வளவுதான். என் நைனா தலையைக் குனிந்து கூலி கேட்டு நின்ற தெருக்களில் என் குரல் நிமிர்ந்து போனது. இதை எழுதும்போது இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

மொதலாளி பெயர் முனிரத்தினம். குள்ளமான மனிதர். எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காய் கிடக்கும். கடை அவருடையது, ஆட்டோவும் அவருடையது, ஓட்டுவதும் அவரே. பின்னால் உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேசும்போது அவர் ஒருநாளும் திரும்பியதில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் பிரேக்கில் சொல்லுவார். லேசாக ஒரு தட்டு தட்டினால் வேகமாகப் பேசுகிறேன் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் தெலுங்குக்கு மாறு. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தியே விட்டால் நான் ஏதோ புளுகிவிட்டேன் என்று அர்த்தம். என் முதல் வருஷத்தில் வண்டி நின்ற நேரம்தான் அதிகம்.

எந்தத் தெருவில் எந்த பாஷை என்று புதுசாக வருகிறவர்கள் முழிப்பார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழாயடியில் பெண்கள் எந்த பாஷையில் திட்டிக்கொள்கிறார்களோ, அந்த பாஷையில் பேசினால் போதும். இரண்டிலும் திட்டினால் இரண்டிலும் பேச வேண்டும். நகரியில் தறித்தெருக்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. பவர்லூம் ஓடும்போது வாசலில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் கரண்ட் கட் நேரத்துக்காகக் காத்திருப்போம். கரண்ட் போனதும் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஓயும். எங்கள் மைக் பேட்டரியில் ஓடுகிறது, அதற்குக் கரண்ட் வேண்டாம். வேலை நின்ற கடுப்பில் வெளியே வந்து நிற்கிறவர்களுக்கு நாங்கள்தான் பொழுதுபோக்கு. பால் கறக்கிற நேரத்தில் மாட்டுக் கொட்டகை பக்கம் குரலைத் தாழ்த்த வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் சுத்தமாக நிறுத்த வேண்டும். ஜாத்திரை மட்டுமில்லை, காணாமல் போன மாடு, ஊரில் செத்தவர் பெயர், எடுக்கிற நேரம், எல்லாச் சேதியும் அதே ஆட்டோவில் என் வாயால்தான் போகும்.

இத்தனையிலும் எனக்குப் பிடித்தது ஜாத்திரையின் கடைசி நாள் சந்தை மைதானத்தில் நடக்கும் பேண்டு கச்சேரிதான். சுற்றுவட்டாரத்து பேண்டு செட்டுகள் வந்து ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தவெளியில் வாசிப்பார்கள். யார் ஜனத்தை உட்கார வைக்கிறார்களோ அவர்களைத்தான் அடுத்த முகூர்த்தக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள். கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் சுற்று ஆரம்பிக்கும். எந்த செட் வருகிறது, எதற்காகப் போய்க் கேட்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும்.

அதற்கு மொதலாளி சட்டம் வைத்திருந்தார். கேட்காத செட்டைப் பற்றிப் பேசக் கூடாது. 'புகழ்பெற்ற', 'தலைசிறந்த' என்றெல்லாம் சொல்லக் கூடாது. கேட்டவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு விஷயத்தை ஒரு செட்டுக்கு ஒன்று என்று சொல்ல வேண்டும். அதற்காக முந்தின வாரம் ஒவ்வொரு செட்டும் பிராக்டீஸ் பண்ணும் இடத்துக்குப் போவேன். உள்ளே போகக் கூடாது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"மைதானத்துல கடைசியா நிக்கிறவனுக்கு உடுப்பு தெரியுமா, மூஞ்சி தெரியுமா? அவனுக்கு சத்தம் மட்டும்தான்டா போகும். அவன் காதால கேளு" என்பார். "கேட்டு முடிச்சா திரும்பி வந்துனே இரு. காபி குடுப்பாங்க, குடிச்சிடாதே. குடிச்ச வாய் இனிப்பாதான் பேசும்."

அப்படிக் கேட்டுவிட்டு வந்து நான் சொன்ன சில வாசகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. 'புத்தூர் செட்டுல பெரிய டிரம் அடிக்கிறவரு எப்பவும் அரை மாத்திரை லேட்டா அடிப்பாரு, அதுக்காகவே வந்து கேளுங்க.' 'நகரி செட்டு சோகப் பாட்டு எடுத்தா முன்வரிசையில உக்காராதீங்க, அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.' இதற்கெல்லாம் மொதலாளி பிரேக்கைத் தொடவில்லை என்றால் எனக்கு அன்றைக்குத் தீபாவளி.

ஏழுமலை மாஸ்டர் செட் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. எங்கள் பக்கத்தில் கிளாரினெட் என்றால் அவர்தான். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைத் தனியாகப் போட்ட வீடுகள் உண்டு. முன்னால் தனியாக நடந்து வருவார், பின்னால் செட் வரும். நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் வாசிப்பில் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. நீளமான இடங்களை வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவினார். வயசாகிறது என்று நினைத்து, அதை விட்டு வேறு எதையோ நல்லதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வருஷம் அவர் வீட்டு முற்றத்தில் பிராக்டீஸ். நான் வழக்கம்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தைப் பார்த்து நின்றேன். கிளாரினெட் ஆரம்பித்தது. அப்படியே நின்றுவிட்டேன். முன்பு வெட்டின இடங்களை எல்லாம் வெட்டாமல், எங்கே மூச்சு விடுகிறார் என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டு போனார். கடைசிப் பாட்டை முடித்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். இரண்டாவது முறை இன்னும் நிதானம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்க்காமல், காபிக்கு நிற்காமல், சட்டப்படி வந்துவிட்டேன்.

சுற்றின் முதல் நாள் தெருத்தெருவாக இதைச் சொன்னேன்: "ஏழுமலை மாஸ்டருக்கு இந்த வருஷம் இருபது வயசு கொறஞ்சிருக்குது! கிளாரினெட்டு எடுத்தா மூச்சே வுடறதில்ல! நம்பலன்னா மைதானத்துக்கு வந்து உங்க காதால கேளுங்க!" பிரேக் ஒரு தடவைகூட விழவில்லை. தறித்தெருவில் கரண்ட் வந்த பிறகும் ஆட்கள் உள்ளே போகாமல் நின்று கேட்டார்கள். நான் பேசியதிலேயே அதுதான் சிறந்தது என்று ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஏழுமலை மாஸ்டர் கடைக்கு வந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மொதலாளி ஆம்பிளிபயர் ஒன்றைத் திறந்து வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"ரத்னண்ணா, இவன் இன்னா சொல்லிக்கினு போனான் தெரியுமா?" என்று என்னைக் காட்டினார்.

"நான்தான ஓட்டிக்கினு போனேன். இன்னா தப்பு?"

மாஸ்டர் துண்டை எடுத்து வாயைத் திறந்தார். மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை வியாதியில் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டது என்றார். பல் செட் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்திருக்கிறார். மேல்பல்லை ஊன்றினால்தான் கிளாரினெட் வாயில் நிற்கும். ஊன்றினால் பல் செட் நழுவுகிறது, வாத்தியம் கீச்சென்று கத்துகிறது. "ஒரு வருஷமாச்சு நான் ஊதி" என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாகப் போயின. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இந்தத் தபா கிளாரினெட்டே இல்லாம, சாக்ஸபோன்காரன வுட்டு ஓட்டிக்கலாம்னு இருந்தோம். நான் சும்மா முன்னாடி நின்னு கைய காட்டிட்டு வந்துடுவேன், யாரும் கேக்க மாட்டாங்க. இவன் ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டான். சித்தூர்லேர்ந்து மாப்ள வூட்டாரே போன் பண்றாங்க. நகரியில அவங்க சொந்தக்காரங்க யாரோ கேட்டுட்டு சொன்னாங்களாம். 'சம்பந்தி வாசிக்கிறத கேக்கவே வர்றோம்'ங்கறாங்க. நான் எத வெச்சி ஊதறது?"

மொதலாளி பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார். "அப்ப அன்னிக்கு வாசிச்சது யாரு?"

மாஸ்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சுகுணா" என்றார்.

சுகுணா அவருடைய ஒரே பெண். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவருக்குப் பல் போனதிலிருந்து, செட்டுக்காரர்களுக்குப் பாட்டுப் பழக்குவதற்காக அறைக்குள் உட்கார்ந்து அவள்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த சித்தூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரியாது. பேண்டு வாசிக்கிற பெண் என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று மாஸ்டருக்குப் பயம்.

"உடம்பு சரியில்ல, மாஸ்டர் வாசிக்க மாட்டாருன்னு சொல்லிடறேன் மொதலாளி" என்றேன்.

"ஒடம்புக்கு இன்னாடா? நல்லா நடந்துதான வந்துகீறாரு." மொதலாளி மாஸ்டரைப் பார்த்தார். "ஏழுமல, இத பாரு. வாசிச்சது அந்தப் பொண்ணு. இவன் நல்லா கீதுன்னு சொன்னதும் அந்தப் பொண்ணதான். பேர சொல்லு, இன்னிக்கே தெருத்தெருவா மாத்தி சொல்லிடறோம்."

"வேணாம்ணா. என் மானம் போனா போவுது, அது கல்யாணம் நிக்கக் கூடாது."

"சரி. நீ சொல்ற வரைக்கும் நாங்க அது பேர எடுக்க மாட்டோம். ஆனா நீ வாசிக்கிறேன்னு இனிமே சொல்றதுக்கில்ல."

அன்றைக்கு நாங்கள் மற்ற செட்டுகளை எல்லாம் சொன்னோம். ஏழுமலை செட்டை மட்டும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய வினை வேறு இல்லை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்களில் சாவுச் சேதியும் எங்கள் ஆட்டோவில்தான் வரும் என்று சொன்னேன் அல்லவா? நேற்றைக்கு அத்தனை சத்தமாகச் சொன்ன பெயரை இன்றைக்கு மைக்கில் காணோம் என்றதும் ஜனம் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தது. மத்தியானம் கார்வேட்டிநகரத்தில் ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்கு எடுக்கறாங்கோ?" என்றார். யாரை என்று கேட்டேன். "தெரியாத மாரி கேக்கறியே. மாஸ்டரத்தான். இருபது வயசு கொறஞ்சிட்டாருன்னு நேத்துதான சொன்ன, அதான் கண்ணு பட்டுடுச்சி."

அடித்துப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓட்டினார் மொதலாளி. அங்கே வாசலில் மாலையோடு ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் நடுவில் கட்டிலில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். வாயில் துண்டு. செத்தவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு கிழவி அழுகையை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "உசுரோட கீறவன் எதுக்குய்யா வாய மூடிக்கினு கீற?" என்று இன்னொருத்தி அதட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓடிப்போகலாம் போலவும் இருந்தது.

அவர்களை ஒருவழியாக மொதலாளி சமாதானப்படுத்தி அனுப்பினார். சுகுணா எங்களுக்குக் காபி கொண்டு வந்தாள். நான் மொதலாளி முகத்தைப் பார்த்தேன். "இன்னிக்கு குடிக்கலாம்டா" என்று அவரே முதலில் எடுத்துக்கொண்டார்.

சுகுணா என் முன்னால் நின்று, "அன்னிக்கு ரோட்டுக்கு அந்தாண்ட முதுக காட்டிக்கினு நின்னது நீங்கதான மாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஜன்னல்லேர்ந்து பாத்தேன். கடைசிப் பாட்டு முடிஞ்சும் நீங்க போகல. கேக்கறதுக்கு ஒரு ஆள் கீறாரேன்னுதான் அத இன்னொரு தபா வாசிச்சேன். மைக்குல நீங்க சொன்னது எல்லாம் என்னப் பத்திதான். பேரு மட்டும்தான் நைனாது."

அவள் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான்தான் காபியைக் கீழே வைத்துவிட்டேன். கட்டிலில் இருந்த மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் அந்த ஊர் வழியாகத்தான் சுற்றை ஆரம்பிக்க வேண்டும். நான் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே மாஸ்டர் தெருவில் திரும்பினோம். வேட்டி சட்டை போட்டுக்கொண்டு அவர் நடுரோட்டில் நின்றிருந்தார். மொதலாளி வண்டியை நிறுத்தினார். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் துண்டு இல்லை.

"நேத்து எனக்கு ஒப்பாரி வெச்சாங்களே ரத்னண்ணா, கேட்டியா?"

"நாங்க வந்தப்ப பாதி முடிஞ்சிடுச்சே."

"எங்க கல்யாணத்துக்கு வாசிச்ச மகராசா, இனிமே அந்த வாசிப்பு யாருகிட்டடா கீதுன்னு அழுதாங்கோ. உள்ள கதவோரம் சுகுணா நின்னுக்கினு இருந்தது. அது மூஞ்ச பாத்தேன். நான் வாய மூடிக்கினு உக்காந்துனு இருந்தேன்." என்னிடம் கையை நீட்டினார். "குடு."

அதுவரை மைக்கை வேறு ஒருத்தர் கையில் நான் கொடுத்ததில்லை. மொதலாளியைப் பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் காட்டினேன்.

"நான் ஏழுமல பேசறேன்" என்று ஆரம்பித்தார். ஹார்னில் அந்தப் பொக்கை வாய்க் குரல் தெருவையே நிறைத்தது. சாணி தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நான் சாவல. பல்லுதான் போயிடுச்சி. இனிமே என்னால ஊத முடியாது. நாளைக்கு மைதானத்துல எங்க செட்டு வருது. கிளாரினெட்டு வாசிக்கிறது எம் பொண்ணு சுகுணா. மொத நாள் இந்த தசரதன் சொன்னதெல்லாம் அதப் பத்திதான். எனக்கு எந்த எடத்துல மூச்சு வாங்குமோ அந்த எடத்துல அதுக்கு வாங்காது. நானே உக்காந்து கேட்டுகீறேன். வந்து கேளுங்க."

குழாயடியில் இருந்து ஒரு பெண், "மாஸ்டரே, பல்லில்லாம எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு இன்னா பண்ணுவே?" என்று கத்தினாள்.

"பல்லு போனா இன்னா? பொண்ணு கீதே!" என்று மைக்கிலேயே சொன்னார். தெருவே சிரித்தது. அவரும் வாயைத் திறந்து சிரித்தார்.

அன்று முழுக்க அவர் இறங்கவே இல்லை. மொதல் நாள் போன எல்லாத் தெருவுக்கும் போகணும் என்று அடம்பிடித்தார். தறித்தெருவில் கரண்ட் கட்டுக்காக எங்களோடு வெயிலில் காத்திருந்தார். தெலுங்குத் தெருக்களில் மொதலாளி இரண்டு தட்டு தட்டினால் தெலுங்கிலும் சொன்னார். அவர் தெலுங்கு கல்யாண வீட்டுப் பந்தியில் கற்றது. 'மா அம்மாயி', அதாவது எங்கள் பெண், என்று ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். யாருக்கும் புரியாமல் இல்லை. தண்ணீர் குடிக்கிற நேரம் தவிர மைக் என் கைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சம்பளம் வாங்கின ஒரே நாள் எனக்கு அதுதான்.

அந்த சித்தூர் சம்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது நின்றுபோனது. அப்புறம் புத்தூரிலிருந்து வேறு இடம் வந்தது, நன்றாக இருக்கிறாள். செட்டை இன்றைக்கும் அவள்தான் நடத்துகிறாள். இந்த வருஷம் கமிட்டிப் பிள்ளைகள் அனுப்பியதிலும் அவள் வாசிப்பு இருக்கிறது. மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சேதியையும் அவர் ஊர் முழுக்க நான்தான் சொன்னேன், இந்த முறை நிஜமாக. அன்றைக்கு மட்டும் குரல் எனக்குச் சரியாக வரவில்லை.

ஆனால் கச்சேரி அன்று சாயங்காலம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வாசிப்பைக் கேட்க வந்தவர்கள் பாதி, செத்துப் பிழைத்த மாஸ்டரைப் பார்க்க வந்தவர்கள் பாதி. சுகுணா மாஸ்டரின் சிவப்பு பேண்டு கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள் தொங்கியது, கையை மடித்துவிட்டிருந்தாள். முதல் பாட்டை எடுத்தபோது பயத்தில் ஒரு இடம் பிசகியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. அந்த இடத்தைத் தாண்டிப் போய், இரண்டாவது சுற்றில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மூச்சு விடாமல் இழுத்துக் காட்டினாள். கடலை விற்கிறவன்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டான்.

மாஸ்டர் எங்கள் ஆம்பிளிபயர் பக்கத்தில் என்னோடு நின்றிருந்தார். விரல்கள் வேட்டியின் மேலேயே வாசித்துக்கொண்டிருந்தன. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தூர் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பழத்தட்டு. மேடையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க பொண்ணு பேண்டு வாசிக்குதுன்னு ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லவே இல்லியே?"

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. பல் இல்லாத வாயை நன்றாகவே திறந்து சொன்னார்:

"தெருத்தெருவா சொல்லிக்கினுதாங்க வந்தேன். உங்க தெரு ஒண்ணுதான் பாக்கி."